கை தெரியாத பலகை: தொலைவிலிருந்து படம் போட்டு விளக்க ஒரு முழு வழிகாட்டி

அலுவலகத்தில் வெண்பலகை முன்னால் நின்று விளக்குகிறவரின் கையைக் கவனியுங்கள். அது கோடு போடுவதோடு நிற்பதில்லை. ‘இங்கே’ என்று தொட்டுக் காட்டுகிறது. எதை முதலில் வரைந்தது, எதை அடுத்து வரைந்தது என்பதிலேயே வரிசை தெரிந்துவிடுகிறது. முக்கியமான இடத்தை இரண்டு முறை வட்டமிடுகிறது, தப்பான கோட்டை உள்ளங்கையால் அழிக்கிறது, எதிரில் இருப்பவர் நெற்றி சுருங்கினால் நடுவழியில் நின்றும் விடுகிறது. வீட்டிலிருந்து ஸ்கிரீன் ஷேர் செய்யும்போது இந்த ஐந்து வேலையும் காணாமல் போய், பெட்டியும் கோடும் மட்டும் மிஞ்சுகின்றன. கை செய்த ஒவ்வொரு வேலையையும் படத்திலோ பேச்சிலோ வேறு ஒன்றின் மேல் ஏற்ற வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முழுக்க ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு கடை ஆப். வாடிக்கையாளர் வாலட்டில் இருக்கும் பணத்தால் 1,200 ரூபாய் ஆர்டர் போடுகிறார். சில நேரம் ஒரே ஆர்டருக்கு 2,400 ரூபாய் கழிந்துவிடுகிறது. ஏன் என்று நான்கு ஊர்களில் உட்கார்ந்திருக்கும் டீமுக்கு விளக்க வேண்டும். (வழக்கமான யுபிஐ பேமென்ட் என்றால் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளரே ஒப்புதல் தர வேண்டும், சர்வர் தானாக மறுமுறை பணம் எடுக்க முடியாது. அதனால்தான் வாலட்.)

படி 1: முதலில் கேள்வியை எழுதுங்கள்

இந்தப் படம் எந்தக் கேள்விக்கு விடை என்பதை ஒரே வரியில் எழுதிப் பலகையின் மேல் இடது மூலையில் வையுங்கள். ‘வாலட் பேமென்ட் ஆர்கிடெக்சர்’ என்பது தலைப்பு. அதில் கேள்வி எதுவும் இல்லை. தலைப்பை வைத்துக்கொண்டு வரைய உட்கார்ந்தால் தெரிந்த அத்தனையும் படத்துக்குள் வந்து விழும்: லோட் பேலன்சர், க்யூ, மூன்று கேஷ், யாரோ என்றோ சேர்த்த லாக் சர்வர். ‘ஒரே ஆர்டருக்கு ஏன் இரண்டு முறை பணம் கழிகிறது?’ என்று எழுதிப் பாருங்கள். விடைக்கு உதவாத பெட்டிகள் தாமாகவே வெளியேறும்.

அதன் கீழே இன்னொரு வரி: யாருக்காக. டெவலப்பருக்குக் கோளாறு எந்த அடியில் நடக்கிறது என்று தெரிய வேண்டும். கஸ்டமர் சப்போர்ட்டில் இருப்பவருக்கு, எந்த நிலையில் இருக்கும் ஆர்டருக்குப் பணம் திருப்ப வேண்டும் என்பது போதும். இவை இரண்டு படங்கள். ஒன்றில் திணித்தால் இருவருக்கும் உதவாது. இருவரும் ஒரே மீட்டிங்கில் இருந்தால் சப்போர்ட் படத்தை முதலில் முடித்து அவர்களை அனுப்பிவிடுங்கள்.

படி 2: கேள்விக்கு ஏற்ற வகை

கேள்வியில் வரும் சொல்லே படத்தின் வகையைச் சொல்லிவிடும். எங்கே, எது எதோடு பேசுகிறது என்றால் பெட்டி அம்புப் படம். எப்போது, எந்த வரிசையில் என்றால் சீக்வன்ஸ் டயக்ராம். இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அடுத்து எங்கே போகலாம் என்றால் ஸ்டேட் டயக்ராம். எந்தத் தகவல் எந்த அட்டவணையில், ஒன்றுக்குப் பலவா என்றால் ஈஆர் டயக்ராம். எவ்வளவு என்றால் அச்சும் அலகும் போட்ட கிராஃப்.

பழக்கத்தால் எல்லோரும் முதலில் போடுவது பெட்டி அம்புப் படம். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. நம் வாலட் கதையைப் பெட்டி அம்பாகப் போட்டால் ஆர்டர் சர்வருக்கும் வாலட் சர்வருக்கும் நடுவே ஒரே ஓர் அம்பு இருக்கும். அந்த அம்பு வழியாகக் கோரிக்கை ஒரு முறை போயிற்றா, இரண்டு முறையா என்று காட்ட அதில் இடமே இல்லை. கோளாறு நேரத்தில் இருக்கிறது. படமோ இடத்தைக் காட்டுகிறது. ரீட்ரை (மறுமுயற்சி), டைம்அவுட் (காத்திருக்கும் நேரம் தீர்ந்துபோவது), பழைய கேஷ் (பழசாகிவிட்ட தற்காலிக நகல்), ஒரே நேரத்தில் இருவர் எழுதுவது ஆகிய எல்லாமே நேரக் கோளாறுகள். இவற்றுக்குச் சீக்வன்ஸ் டயக்ராமைத் தவிர வேறு எதையும் எடுக்காதீர்கள்.

பெட்டி அம்புப் படமே தேவைப்படும் இடத்தில் ஒரு தவறை மட்டும் தவிருங்கள்: அளவு மட்டங்களைக் கலப்பது. ஒரு பெட்டி முழு நிறுவனத்தின் சிஸ்டம், பக்கத்துப் பெட்டி ஒரு ஃபங்ஷன் என்று இருந்தால் பார்ப்பவருக்கு எது எவ்வளவு பெரியது என்றே தெரியாது. சைமன் பிரவுன் உருவாக்கிய சி4 முறை இதற்காகவே நான்கு மட்டங்களைப் பிரிக்கிறது: சுற்றுச்சூழல், தனித்தனியாக ஓடும் பகுதிகள், அவற்றின் உள்ளுறுப்புகள், கோட் (நிரல்). ஒரு படத்தில் ஒரு மட்டம். பெரும்பாலான டீம்களுக்கு முதல் இரண்டு மட்டங்களே போதும். நான்காவதைக் கையால் வரைவது வீண், ஒரு வாரத்தில் பழசாகிவிடும்.

படி 3: காகிதத்தில் ஒரு முறை, எண்ணிக்கையோடு

மென்பொருளைத் திறப்பதற்கு முன் பேனாவும் தாளும் எடுத்துப் பத்து நிமிடம் கிறுக்குங்கள். நம் எடுத்துக்காட்டுக்கு நான்கு செங்குத்துக் கோடுகள் வேண்டும்: ஆப், ஆர்டர் சர்வர், வாலட் சர்வர், கணக்கு டேட்டாபேஸ். நேரம் மேலிருந்து கீழே ஓடுகிறது.

1. ஆப் → ஆர்டர் சர்வர்: ஆர்டர் 481-க்கு 1,200 செலுத்து
2. ஆர்டர் சர்வர் → வாலட் சர்வர்: 1,200 கழி
3. வாலட் சர்வர் → டேட்டாபேஸ்: இருப்பில் 1,200 குறை
4. டேட்டாபேஸ் → வாலட் சர்வர்: குறைத்தாயிற்று
5. வாலட் சர்வர் → ஆர்டர் சர்வர்: வெற்றி (பாதி வழியில் பெருக்கல் குறி, போய்ச் சேரவில்லை)
6. ஆர்டர் சர்வர், தன் கோட்டிலேயே: 30 நொடி காத்திருந்து டைம்அவுட்
7. ஆர்டர் சர்வர் → வாலட் சர்வர்: 1,200 கழி
8. வாலட் சர்வர் → டேட்டாபேஸ்: இருப்பில் 1,200 குறை
9. டேட்டாபேஸ் → வாலட் சர்வர்: குறைத்தாயிற்று
10. வாலட் சர்வர் → ஆர்டர் சர்வர்: வெற்றி
11. ஆர்டர் சர்வர் → ஆப்: பணம் செலுத்தியாயிற்று

2-ஆவது அம்பையும் 7-ஆவது அம்பையும் அடுத்தடுத்துப் படியுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்றே. வாலட் சர்வரின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டு புதிய வாடிக்கையாளர் கோரிக்கைகள். மறுமுயற்சி என்று அறிய அதற்கு வழியே இல்லை. கேள்விக்கு விடை இதுதான். படம் சரியாக அமைந்தால் வாய் திறந்து விளக்கும் முன்பே இது கண்ணில் பட வேண்டும்.

எண்ணிக்கைக்கு வருவோம். உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் முன்வைத்த கணிப்புப்படி, மனம் ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருக்கக்கூடியது ஏறக்குறைய நான்கு தொகுதிகள். செங்குத்துக் கோடுகள் நான்கைத் தாண்டினால், ஒரு கோட்டை இன்னொன்றோடு சேர்க்க முடியுமா என்று பாருங்கள். அம்புகள் பன்னிரண்டைத் தாண்டினால் படத்தை இரண்டாக வெட்டுங்கள்.

படி 4: அம்புக்குப் பேச்சு கொடுங்கள்

பெயர் இல்லாத அம்பு மூன்று விதமாகப் படிக்கப்படும். அழைப்பு யாரிடமிருந்து போகிறது என்று ஒருவர் நினைப்பார். தகவல் எந்தப் பக்கம் பாய்கிறது என்று இன்னொருவர். யாரை யார் நம்பியிருக்கிறார் என்று மூன்றாமவர். ஆப் ஒரு பட்டியலைக் கேட்டு வாங்கும்போது அழைப்பு ஒரு பக்கம் போகும், தகவல் எதிர்ப்பக்கம் வரும். அரை மணி நேரம் வாதாடிய பிறகு இருவரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று தெரியவருவது பெரும்பாலும் இதனால்தான்.

ஒவ்வொரு அம்பின் மேலும் ஒரு வினைச்சொல்லும், எது போகிறது என்பதும் இருக்கட்டும். கோரிக்கைக்கு முழுக்கோடு, பதிலுக்கு விட்டு விட்டுப் போகும் கோடு. இது யுஎம்எல் (மென்பொருள் படங்களுக்கான பொதுக் குறியீட்டு முறை) வழக்கம், பலருக்கும் பழகியது. அம்புக்கு எண் கட்டாயம். தொட்டுக் காட்டும் விரலின் வேலையை இனி எண்தான் செய்யப்போகிறது. ‘இங்கே பாருங்கள்’ என்பதற்குப் பதில் ‘ஐந்தாவது அம்பு’ என்றால், ஸ்கிரீன் ஷேர் இரண்டு நொடி பின்தங்கியிருந்தாலும், மவுஸ் குறி தெரியாவிட்டாலும், கேட்பவர் சரியான இடத்தில்தான் இருப்பார். ஃபோனில் குரல் மட்டும் கேட்டபடி பஸ்ஸில் போகிறவருக்கும் அது பிடிபடும், படத்தை முன்பே அனுப்பியிருந்தால்.

எந்த மொழியில் எழுதுவது? நிரலில் இருக்கும் பெயரை நிரலில் உள்ளபடியே வையுங்கள். மொழிபெயர்த்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. வினையையும் காரணத்தையும் டீம் பேசும் மொழியில் எழுதலாம். ஒரே பொருளுக்கு ஒரே பெயர். ஓரிடத்தில் ‘வாலட் சர்வர்’, இன்னோரிடத்தில் ‘பேலன்ஸ் சர்வீஸ்’ என்றால் பார்ப்பவர் இரண்டு பெட்டி இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார்.

படி 5: அவர் திரையில் எவ்வளவு பெரிதாகத் தெரியும்?

உங்கள் மேஜையில் 4கே மானிட்டர், அகலம் 3,840 பிக்சல். பார்ப்பவரிடம் 1,366 பிக்சல் அகல லேப்டாப். முழுத் திரையையும் ஷேர் செய்தால் எல்லாம் 2.8 மடங்கு சுருங்கும். உங்களுக்குத் தெளிவாகத் தெரியும் 14 பிக்சல் எழுத்து அவருக்கு 5 பிக்சல். அது எழுத்தல்ல, தூசி. போதாக்குறைக்குப் பக்கவாட்டில் முகங்களும் சாட்டும் இடம் பிடிக்கும். படத்துக்கு மிஞ்சுவது 1,000 பிக்சல் அளவுதான்.

முழுத் திரையை விட்டு ஒரு விண்டோவை மட்டும் ஷேர் செய்யுங்கள். 1,920-க்கு 1,080 பிக்சல் அளவுள்ள ஒரு சட்டத்துக்குள் படம் முழுவதும் அடங்கட்டும். அதில் எழுத்து 24 பிக்சலுக்குக் குறையக் கூடாது. தமிழ் என்றால் 28. தமிழில் புள்ளி ஒன்றுதான் ‘கல’வையும் ‘கல்’லையும் பிரிக்கிறது, வீடியோ சுருங்கும்போது முதலில் மறைவதும் அந்தப் புள்ளிதான். கையெழுத்துப் போன்ற எழுத்துருக்கள் பலவற்றில் தமிழ் வடிவங்களே கிடையாது. உலாவி வேறு எழுத்துருவை மாற்றிப் போட்டு, அகலம் கூடி, சொல் பெட்டிக்கு வெளியே வழியும். எனவே பெட்டியைத் தேவைக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு அகலமாக வரையுங்கள்.

ஒரு சோதனை: படத்தை உங்கள் ஃபோனுக்கு அனுப்பி, படுக்கைவாட்டில் பிடித்துக் கையை நீட்டிப் பாருங்கள். பெரிதாக்காமல் எல்லா எழுத்தையும் படிக்க முடிந்தால் சரி.

நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான வீடியோ கால்களில் வெளிச்ச விவரம் ஒவ்வொரு பிக்சலுக்கும் போகும். நிற விவரமோ இரண்டுக்கு இரண்டாக நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான் போகும். கறுப்புப் பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்தில் வெளிச்ச வேறுபாடு மிகக் குறைவு, நிற வேறுபாடுதான் அதிகம். அதனால் அது மங்கிக் கலங்கிப்போகும். ஆபத்தைக் காட்டத்தான் நாம் சிவப்பை எடுப்போம், அதுவே முதலில் படிக்க முடியாமல் போகும். வெள்ளைப் பின்னணி, அடர்ந்த எழுத்து, 3 பிக்சலுக்குக் குறையாத கோடு என்று வைத்துக்கொண்டால் தொல்லையில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கின்றன டபிள்யூசிஏஜி (இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த வகை செய்யும்) அணுகல் விதிகள். கோடுகளுக்கும் வடிவங்களுக்கும் 3-க்கு 1.

சரிக்குப் பச்சை, தவறுக்குச் சிவப்பு என்ற ஜோடியும் வேண்டாம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. நம் நாட்டிலும் அப்படிப்பட்டவர்கள் எல்லா டீமிலும் இருக்கக்கூடும், பலர் வெளியே சொல்வதில்லை. நீலமும் ஆரஞ்சும் நல்ல ஜோடி. ஜப்பானிய அறிவியலாளர்கள் ஒகாபேவும் இத்தோவும் தொகுத்த எட்டு நிறத் தொகுப்பில் இவை இரண்டும் உண்டு. நிறத்தோடு வடிவத்தையும் மாற்றுங்கள்: 5-ஆவது அம்பில் பெருக்கல் குறி இருப்பதால் நிறமே தெரியாவிட்டாலும் அது போய்ச் சேரவில்லை என்பது விளங்கும்.

ஸூமில் ‘ஆப்டிமைஸ் ஃபார் வீடியோ கிளிப்’ என்ற தேர்வு இருக்கிறது. வீடியோ ஓட்டிக் காட்டும்போது நல்லது. டயக்ராம் காட்டும்போது டிக் செய்தால், அசைவு வேகத்துக்காக எழுத்தின் கூர்மையை விட்டுக்கொடுத்துவிடும்.

படி 6: எதில் வரைவது

மூன்று வழிகள் உண்டு, மூன்றும் மூன்று வேலைக்கு.

பேசிக்கொண்டே வரைய எக்ஸ்காலிட்ரா, மிரோ, ஃபிக்ஜாம் போன்ற இணையப் பலகைகள். எக்ஸ்காலிட்ரா 2020-இல் வந்த திறமூலக் கருவி. கணக்குத் தொடங்காமலே லிங்க் கொடுத்துச் சேர்ந்து வரையலாம். கோணல்மாணலான அதன் கோடுகளுக்கு ஒரு பயனும் உண்டு. பளபளவென்று முடிந்த படத்தைத் திருத்தச் சொல்ல எவருக்கும் மனம் வராது. கிறுக்கல் போலத் தெரிந்தால் ‘அந்த அம்பு தப்பு’ என்று கூச்சமில்லாமல் சொல்வார்கள்.

நிலைத்து நிற்க வேண்டிய படத்துக்கு மெர்மெய்ட். எழுத்தாகவே படத்தை எழுதும் முறை: வரிக்கு ஓர் அம்பு, யாரிடமிருந்து யாருக்கு, என்ன செய்தி. நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளம் 2022 பிப்ரவரியிலிருந்து அதை நேரடியாகப் படமாகக் காட்டுகிறது. நிரலோடு நிரலாக அதே ரெப்பாசிட்டரியில் (நிரல் சேமிப்பிடத்தில்) இருப்பதால் யார் எப்போது எந்த அம்பை மாற்றினார் என்பதும் தெரியும். பெட்டிகளை நினைத்த இடத்தில் வைக்க முடியாது என்பது இதன் குறை. சீக்வன்ஸ் டயக்ராமுக்கு அது குறையே இல்லை. இருபது பெட்டி அம்புப் படத்துக்கு மெர்மெய்டை எடுத்தால் நூல்கண்டுதான் வரும், அதற்குப் பெட்டிகளை நாமே இழுத்து வைக்கும் டிரா.ஐஓ மேல்.

மூன்றாவது, காகிதமும் ஃபோன் கேமராவும். இதைக் குறைவாக நினைக்க வேண்டாம்; கை மறுபடியும் தெரிகிற ஒரே வழி இது. வேண்டியவை: ஏ4 தாள், 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிமனான கறுப்பு மார்க்கர் (பால்பாயிண்ட் கோடு வீடியோவில் மறைந்துவிடும்), ஃபோனைத் தலைகீழாகப் பிடிக்க ஒரு ஸ்டாண்ட். ஸ்டாண்ட் இல்லையென்றால் இருபுறமும் புத்தகங்களை அடுக்கி, நடுவே இரண்டு மர அடிக்கோல்கள் வைத்து, அவற்றின் மேல் ஃபோனைக் குப்புற வையுங்கள். லென்ஸ் தாளிலிருந்து 30 முதல் 35 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். வீடியோ 16-க்கு 9 என்ற விகிதம், ஏ4 தாள் அப்படி இல்லை. ஆகவே தாளில் 27 செ.மீ. அகலம், 15.2 செ.மீ. உயரத்தில் பென்சிலால் ஒரு செவ்வகம் போட்டு அதற்குள்ளேயே வரையுங்கள். தாளை டேப்பால் ஒட்டிவிடுங்கள்.

இந்த அமைப்பில் வரக்கூடிய தொல்லைகள் ஐந்து. கை உள்ளே வரும்போதெல்லாம் கேமரா ஃபோகஸ் தேடி மங்கும். தாளில் ஓரிடத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடினால், கேமரா 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது என்று பொருள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாவற்றிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஃபிளிக்கர் அமைப்பை 50-க்கு மாற்றினால் நின்றுவிடும். கை நிழல் எழுத்தின் மேல் விழுந்தால் விளக்கை எழுதாத கையின் பக்கம் நகர்த்துங்கள். எழுத்து உங்களுக்குக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரியலாம். பெரும்பாலும் உங்கள் பக்கத்தில் மட்டும்தான் அப்படி, மற்றவர்களுக்கு நேராகவே தெரியும். சந்தேகமிருந்தால் ஒரு நிமிடம் ரெக்கார்ட் செய்து பாருங்கள். கடைசியாக, பின்னணி மங்கலாக்கும் அமைப்பை அணையுங்கள். முகம் இல்லாத படத்தில் அது தாளையே பின்னணியாக எடுத்து அழித்துவிடும். ஸூமில் ஷேர் மெனுவின் உள்ளே இரண்டாவது கேமராவை உள்ளடக்கமாகக் காட்டும் வசதி இருக்கிறது. அதில் போட்டால் சின்ன முகக்கட்டத்துக்குள் அடைபடாமல் தாள் பெரிதாகத் தெரியும்.

பென் டேப்லெட் வாங்கியவர்களுக்கு ஒரு சொல்: டிரைவர் அமைப்பில் டேப்லெட்டை ஒரே மானிட்டரோடு இணைத்து, நீள அகல விகிதத்தைப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் வட்டம் போட்டால் முட்டை வரும்.

படி 7: ஒரு படத்தை நான்கு சட்டங்களாக்குங்கள் (ஃபிரேம்கள்)

முடிந்த படத்தைத் திறந்து வைத்துவிட்டு விளக்கத் தொடங்கினால், நீங்கள் முதல் அம்பில் இருக்கும்போது ஒருவர் எட்டாவது அம்பைப் படித்துக்கொண்டிருப்பார். மொத்தத்தையும் அங்கேயே வரையலாம் என்றால், பெட்டியை நேராக்குவதிலும் எழுத்தைத் திருத்துவதிலும் நேரம் போகும், எல்லோரும் பேசாமல் உங்கள் மவுஸைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடுவழி இது: மாறாத எலும்புக்கூட்டை முன்பே வரைந்து வையுங்கள், கதை திரும்பும் இடத்தை மட்டும் அங்கே வரையுங்கள்.

சட்டம் 1, எல்லாம் நன்றாக நடக்கும் நாள்: அம்புகள் 1 முதல் 5, பிறகு 11. கடைசி அம்பின் எண்ணை 6 என்று மாற்றாதீர்கள்; எண் விடுபட்டிருப்பதே நடுவில் ஏதோ வரப்போகிறது என்று சொல்லிவிடும், அடுத்த சட்டங்களிலும் எண்கள் மாறாமல் இருக்கும். சட்டம் 2, கோளாறு: சட்டம் 1-ஐ நகலெடுத்து, 5-இல் பெருக்கல் குறியையும் 6 முதல் 10 வரையும் சேர்ப்பது. இந்தப் பெருக்கல் குறியை மட்டும் மீட்டிங்கில் உங்கள் கையால் போடுங்கள்.

சட்டம் 3, தீர்வு. ஐடெம்பொடென்சி கீ என்பது, ஒரே வேலையை எத்தனை முறை கேட்டாலும் ஒரு முறைதான் செய்ய வேண்டும் என்று காட்டும் அடையாள எண். 1-க்கும் 2-க்கும் நடுவே ஆர்டர் சர்வரின் கோட்டில் ‘கீ 7731 உருவாக்கிச் சேமி’ என்று ஒரு குறிப்பு. 2, 7 இரண்டிலும் அதே கீ. 3-இல் ‘கீயைப் பதி, 1,200 குறை, ஒரே டிரான்ஸாக்ஷன்’ (இரண்டும் நடக்கும், இல்லையென்றால் இரண்டுமே நடக்காது). 8-இல் ‘கீ 7731 இருக்கிறதா?’, 9-இல் ‘இருக்கிறது, பழைய பதில் இதோ’. கீ எங்கே பிறக்கிறது என்பதைப் படத்தில் காட்டாமல் விட்டால், யாராவது ஒருவர் அனுப்பும் ஃபங்ஷனுக்குள்ளேயே கீயை உருவாக்குவார். ரீட்ரை ஒவ்வொன்றுக்கும் புதுக் கீ வரும், பழைய கோளாறு அப்படியே இருக்கும்.

சட்டம் 4, கெட்டிக்காரர் கேட்கும் கேள்விக்கு: 3 முடிவதற்குள்ளேயே 7 வந்துவிட்டால்? கீ பத்திக்கு டேட்டாபேஸில் யூனிக் கட்டுப்பாடு (ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்ற விதி) இருந்தால், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி ஆகிய டேட்டாபேஸ் மென்பொருள்களில் இரண்டாவது பதிவு முதலாவது முடியும்வரை காத்திருக்கும். முதலாவது வெற்றி என்றால் இரண்டாவது ‘ஏற்கெனவே உள்ளது’ என்று தோற்கும், முதலாவது ரோல்பேக் (ரத்து) ஆனால் இரண்டாவது தானே உள்ளே போகும். இந்தச் சட்டத்தை மறைத்தே வைத்திருங்கள். கேட்டால் திறக்கலாம்.

எதையும் அழிக்காதீர்கள். பலகையில் அழிப்பதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். இங்கே ஒரு நொடி திரும்பியவருக்கு அது திடீரென்று மறைந்ததாகத்தான் தெரியும். நடுவே ஒரு கோடு அடித்து, புதியதைப் பக்கத்தில் எழுதுங்கள்.

படி 8: மீட்டிங்கில்

பத்து நிமிடம் முன்பே படத்தைச் சாட்டில் போட்டுவிடுங்கள். நெட் மெதுவாக இருப்பவர் அதைத் தன் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் குரலை மட்டும் கேட்பார், மற்றவர்களைவிடத் தெளிவாகப் பார்ப்பவரும் அவராகவே இருப்பார். நோட்டிஃபிகேஷன்களை அணையுங்கள். பலகையில் உண்மையான டோக்கனோ, கடவுச்சொல்லோ, வாடிக்கையாளரின் எண்ணோ ஒட்டியிருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

25 நிமிடம் என்றால்: கேள்வியைப் படித்துக்காட்ட ஒரு நிமிடம், முதல் மூன்று சட்டங்களுக்கு 12 நிமிடம், மீதி அவர்களுக்கு. சட்டம் மாற்றியதும் இரண்டு நொடி வாயை மூடிக்கொள்ளுங்கள். குரல் போய்ச் சேர்ந்த பிறகுதான் படம் போய்ச் சேரும். பேசும்போது ஸூம் செய்வதும் ஸ்க்ரோல் செய்வதும் வேண்டாம். ஒவ்வொரு நகர்வுக்கும் வீடியோ மங்கித் தெளிய நேரம் எடுக்கும்.

முகம் தெரியாத இடத்தில் ‘புரிந்ததா?’ என்று கேட்டால் ‘புரிந்தது’ என்றுதான் பதில் வரும், அல்லது மௌனம். முன்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள்: ‘5-ஆவது அம்புக்குப் பதில் 4-ஆவது அம்பு தொலைந்தால் வாலட் சர்வருக்கு என்ன தெரியும்?’ எல்லோரும் விடையைச் சாட்டில் தட்டட்டும், நீங்கள் சொன்னதும் ஒரே நேரத்தில் அனுப்பட்டும். முதலில் பேசுகிறவரின் விடையை மற்றவர்கள் வழிமொழிவது அதனால் நின்றுவிடும். விடைகள் இரண்டு விதமாக வந்தால் நெற்றி எங்கே சுருங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டீர்கள்.

பிறகு பேனாவைக் கொடுங்கள். சட்டம் 1-இன் நகலைத் திறந்து, டீமில் புதியவரிடம் கோளாறை வரையச் சொல்லுங்கள். அவர் 7-ஆவது அம்பை ஆப்பிலிருந்து போட்டால், அது அவர் தவறா, உங்கள் படம் சொல்லாமல் விட்டதா என்று யோசியுங்கள், பெரும்பாலும் இரண்டாவதுதான்.

படி 9: மீட்டிங் முடிந்ததும்

வராதவர்களுக்கு ஒரு மணி நேர ரெக்கார்டிங்கை அனுப்பினால் யாரும் பார்க்க மாட்டார்கள். அதே நான்கு சட்டங்களை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்குள் தனியாகப் பேசிப் பதிவு செய்யுங்கள். கூடவே எண் வரிசையில் பதினொரு வரி எழுத்தும். வீடியோவைத் தேட முடியாது, எழுத்தைத் தேடலாம்.

படத்தைப் பிஎன்ஜி அல்லது எஸ்விஜியாகச் சேமியுங்கள். ஜேபெக் எழுத்தின் ஓரங்களில் அழுக்குப் படியச் செய்யும். எக்ஸ்காலிட்ரா, டிரா.ஐஓ இரண்டிலும் திருத்தக்கூடிய மூலத்தை அந்தப் பிஎன்ஜிக்குள்ளேயே புதைத்துச் சேமிக்கும் தேர்வு உண்டு. அதை டிக் செய்தால், ஆறு மாதம் கழித்து யார் கையில் கிடைத்தாலும் திறந்து திருத்தலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பினால் சுருக்கும்போது அந்த மூலம் போய்விடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். இணையப் பலகையின் லிங்க்கை மட்டும் நம்பியிருப்பதும் ஆகாது: கூகுளின் ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31-ஓடு மூடப்பட்டது.

கீழ் வலது மூலையில் மூன்று விஷயங்கள்: தேதி, யாரிடம் கேட்பது, எது இன்னும் உறுதியாகவில்லை. மூன்றாவதை எழுதத்தான் பலரும் தயங்குகிறார்கள். ‘30 நொடி டைம்அவுட் சோதனைச் சர்வரில் பார்த்தது’ என்று ஒரு வரி இருந்தால், உண்மையான சர்வரில் 10 நொடி என்று தெரிந்தவர் வந்து திருத்திவிட்டுப் போவார்.

கோட் மாறி, படம் மாறாமல் இருக்கும் நாள் எப்படியும் வரும். அப்போது திருத்த நேரமில்லை என்றால் படத்தின் குறுக்கே பெரிதாகச் ‘செல்லாது’ என்று எழுதி, எந்தத் தேதியிலிருந்து என்றும் போட்டுவிடுங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும்.